சிறு செலவில் ஊர் காண்போம்
பாம்பூஃப்ளாட் துறை தந்த பாடம்



சென்ற பருவத்தில் நம் சங்கக் கூட்டமொன்றில் ஆண்டுச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு எழுந்தது. எங்கே போவது என்பதைவிட எப்படிப் போவது என்பதிலேயே வாதம் வளர்ந்தது. தோழர் ஒருவர் எழுந்து, ஜப்பான் நாட்டு டோக்கியோ நகரில் இளைஞர்கள் ‘கோ-கார்ட்’ என்னும் சிறு வண்டிகளை ஓட்டிக்கொண்டு, வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, வரிசையாக நகர வீதிகளைச் சுற்றிவரும் காட்சியை அழகாக வருணித்தார். “ஊர் பார்ப்பதென்றால் இப்படியன்றோ பார்க்க வேண்டும்!” என்றார். அவையோர் கைதட்டினர். நானும் கைதட்டினேன்.

பின்னர்ச் சுற்றுலாவுக்கான பெயர்ப் பட்டியல் கைமாறி வந்தது. என் அருகே அமர்ந்திருந்த நண்பர் அதில் தம் பெயரை எழுதாமலே அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். “ஊரில் வேலை இருக்கிறது” என்றார். விடுதிக்குத் திரும்பிய பின்புதான் உண்மை விளங்கிற்று. அவருக்கு ஊரில் வேலை எதுவும் இல்லை. கையில் பணந்தான் இல்லை. 

“ஊரில் வேலை இருக்கிறது!” இந்தச் சொல்லை நம்முள் எத்தனை பேர் சொல்லியிருப்போம்! எத்தனை பேர் அதைக் கேட்டு, மேலும் வினவாமல் விட்டிருப்போம்! அந்த நண்பரின் இசைவு பெற்றே இக்கட்டுரையை எழுதுகிறேன். சிறு செலவில் ஊர் காண்பது எப்படி என்பதை அந்தமானில், என் சொந்த ஊராகிய பாம்பூஃப்ளாட்டில், நான் கற்ற விதத்தைச் சொல்ல விரும்புகிறேன். கற்றதற்கு முன் தவறியதையும் மறைக்கப் போவதில்லை.

1. கார்ட் உலாவின் உட்பொருள்

முதலில், நாம் கைதட்டி வரவேற்ற அந்தக் கார்ட் உலாவையே சற்று ஆராய்வோம். கார்ட் என்பது கூரையும் கதவும் இல்லாத, தரையை ஒட்டி ஓடும் சிறு வண்டி. டோக்கியோவில் இதனை ஓட்ட, அந்நாட்டில் செல்லக்கூடிய ஓட்டுநர் உரிமம் வேண்டும். நம்மவர் சென்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டு எடுத்துச் செல்ல வேண்டும். கட்டணமோ பல ஆயிரம் யென். இத்தொழிலில் வழக்குகளும் எழுந்தன. விளையாட்டுப் பாத்திரமாகிய மாரியோவின் உடையை வாடகைக்குக் கொடுத்து உலா நடத்திய நிறுவனத்தின் மீது நின்டெண்டோ நிறுவனம் 2017ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தது. 2020ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 5 கோடி யென் இழப்பீடு தரும்படி தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலும் இதனை ஒத்த முயற்சி ஒன்று உண்டு. அங்கே மூன்று சக்கரச் சிறு வண்டியில் பொருத்திய கருவியே, செல்லும் இடத்தை அறிந்து, வழியையும் வரலாற்றையும் வாய்விட்டுச் சொல்கிறது.

நம் நாட்டில் இது நடவாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு பெறாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுதல் குற்றம். பந்தயக் கார்ட் வண்டி சாலைக்கெனப் பதிவு பெறுவதில்லை. ஆகவே, வேலியிட்ட தடத்திற்குள்ளேதான் நாம் அதனை ஓட்டலாம்.

ஆயினும், டோக்கியோ சென்ற இளைஞர்கள் அந்த உலாவை ஏன் விரும்புகின்றனர்? மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. கண்ணாடிச் சன்னலுக்குள் அடைபடாமல், ஊரின் காற்றும் ஒலியும் மேலே படும்படி தரையோடு தரையாகச் செல்வது ஒன்று. ஊரை அறிந்த ஒருவர் வழிகாட்டுவது மற்றொன்று. நாலைந்து பேர் கொண்ட சிறு குழுவாகச் செல்வது மூன்றாவது. இம்மூன்றில் எதற்காவது ஆயிரக்கணக்கில் பணம் வேண்டுமா? வேண்டா. கால் நடை முதலாவதைத் தரும். ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டாவதைத் தருவார். மூன்றாவது நம்மிடமே இருக்கிறது. 

இதை இன்று எளிதாக எழுதிவிட்டேன். உணர்ந்ததோ ஒரு பிழைக்குப் பின்.

2. நான் செய்த பிழை

விடுமுறையில் நண்பர் நால்வரை என் ஊருக்கு அழைத்தேன். பட்டியலில் பெயர் எழுதாத நண்பரும் அவர்களுள் ஒருவர். “தங்குவதும் உண்பதும் எங்கள் வீட்டில், கப்பற் கட்டணம் மட்டுமே உன் பொறுப்பு” என்று வற்புறுத்தி இசைய வைத்தேன். சென்னையிலிருந்து கப்பலில் பங்க் வகுப்பில் பயணம் செய்தோம். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல்வழி. மூன்று நாள் அளவில் ஆகும். கப்பல் நாள்தோறும் புறப்படுவதில்லை. மாதத்தில் சில முறையே உண்டு, நாளும் மாறும். காசு குறைந்தவன் நாளைத் தாராளமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கேயே கற்ற பாடம்.

எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். போர்ட் பிளேர் என்று நாம் படித்த நகருக்கு, 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று நடுவணரசு பெயர் மாற்றிற்று. அந்நகரின் துறைமுக நீருக்கு எதிர்க்கரையில் இருப்பது பாம்பூஃப்ளாட். பெயரைத் தமிழில் பெயர்த்தால் மூங்கில் சமவெளி எனலாம். நகரின் சாத்தம் துறைக்கும் எங்கள் ஊர்த் துறைக்கும் இடையே அரசினர் படகு நாள் முழுவதும் சென்று வருகிறது. மனிதரோடு லாரியும் காரும் ஏறும் பெரும் படகு அது. கடக்கச் சற்றேறக்குறையக் கால் மணி நேரம் போதும். அதே ஊருக்குச் சாலை வழியே சுற்றிச் சென்றால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர்!

நண்பர்கள் வந்திறங்கிய மறுநாள், விருந்தோம்பும் ஆர்வத்தில் வாடகைக் கார் ஒன்றை அமர்த்தினேன். செலவை ஐவரும் பகிர்வதென்று பேச்சு. ஒரே நாளில் ஒன்பது இடங்கள் பார்த்தோம். இன்று கேட்டால், அவற்றுள் நான்கின் பெயரைக்கூட நண்பர்களால் சொல்ல இயலாது. நடுப்பகலில் உணவகத்தின்முன் வண்டி நின்றது. “எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிட்டு வாருங்கள்” என்று அந்த நண்பர் வெளியிலேயே நின்றுவிட்டார். நாங்களும் உண்டு வந்தோம். காரின் பங்கைக் கொடுப்பதற்காக அவர் தம் உணவை விட்டார் என்பது எனக்கு அப்போது புலப்படவில்லை.

அது என் தந்தைக்குப் புலப்பட்டது. அவர் துறையில் சுமை தூக்கும் தொழிலாளர். இரவு உணவின்போது அந்த நண்பர் உண்ட வேகத்தை அவர் கண்டிருக்கிறார். என்னைத் தனியே அழைத்தார்.

“ஏன்டா, அந்தப் பிள்ளை மத்தியானம் சாப்பிடலையா?”

“பசியில்லைன்னு சொன்னான்ப்பா.”

“பசியில்லாதவன் சாப்பிடுற சாப்பாடா அது? காரில் ஏத்திக் காசைக் கரைச்சிட்ட. நாளைக்கு எல்லாரும் போட்டில ஏறுங்க, நடங்க. நடந்தாத்தானே ஊரு தெரியும்?”

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. நான் அளக்காமல் போட்டேன். அதுவும் பிறர் பணத்தை! அடுத்த மூன்று நாட்களும் தந்தை சொன்னபடியே நடந்தோம். அம்மூன்று நாட்களில் ஐவருக்கும் ஆன போக்குவரத்துச் செலவு, அந்த ஒருநாள் கார் வாடகையை எட்டவில்லை.

3. முதல் நாள்: படகும் மர அறுவை ஆலையும்

காலையில் துறைக்குச் சென்றோம். சீட்டின் விலை ஒரு தேநீர் விலையை ஒத்ததே. ஆனால் அந்தச் சீட்டு வாங்கித் தரும் காட்சியோ பெரிது. படகின் திறந்த மேல்தளத்தில் நின்று பார்த்தால், கிழக்கே கடல் வாய், தெற்கே நகரின் மேடு, மேற்கே துறைமுகத்தின் உட்பகுதியில் வைப்பர் தீவு, பின்னே எங்கள் மலை. கட்டணம் மிகுந்த உல்லாசப் படகில் செல்வோரும் காண்பது இந்நீரையும் இம்மலையையுந்தான். அரசினர் படகிலோ இன்னொன்றும் உண்டு. பள்ளிச் சிறுவர், மீன்கூடை சுமந்த பெண்கள், அலுவலகம் செல்வோர், கோழிக் கூண்டோடு வருவோர் என ஊர் முழுவதும் உடன் வருகிறது. 

அவர்கள் பேச்சைக் கேளுங்கள். தமிழ், வங்காளம், மலையாளம், தெலுங்கு, இந்தி ஆகிய ஐந்தும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கும். 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். மலையாளம் வந்த கதை துயரமானது. 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார் பலர் தென் அந்தமானில் குடியமர்ந்தனர். காலிகட், மஞ்சேரி, வண்டூர், திரூர் என்று தாம் இழந்த ஊர்களின் பெயர்களையே புதிய குடியிருப்புகளுக்கு இட்டனர். பேருந்தின் நெற்றியில் அப்பெயர்களைக் காணும்போது, ஊர்ப் பெயர்களும் வரலாற்று ஏடுகளே என்பது விளங்கும்.

சாத்தத்தில் இறங்கியதும் எதிரே இருப்பது மர அறுவை ஆலை. 1883ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. ஆசியாவின் மிகப் பழைய ஆலைகளுள் ஒன்று. சிறு கட்டணம் செலுத்தி உள்ளே சென்று பார்க்கலாம். ஆலை இயங்கும் நாளில் செல்லுதல் நலம். ஞாயிற்றுக்கிழமையில் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். எங்கள் தெருவில் வாழும் பெரியவர் ஒருவர் அவ்வாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தந்தை கேட்டுக்கொண்டதால் எங்களுடன் வந்தார். செம்மரம் போன்ற நிறமுடைய படாக் மரத்தையும் கர்ஜன் மரத்தையும் அறுத்த பலகையின் மணத்தைக் கொண்டே இனம் பிரித்துக் காட்டினார். பச்சை மரத்தை உலர்த்தாமல் அறுத்துப் பொருள் செய்தால் பின்னர் அது முறுக்கிக்கொள்ளும் என்றும், சூளையறையில் வைத்து ஈரத்தை வாங்குவது அதற்காகவே என்றும் விளக்கினார். எந்த வழிகாட்டிக்கு இவ்வளவு தெரியும்? அவர் எங்களிடம் பெற்றுக்கொண்டது ஒரு குவளைத் தேநீர்.

ஆலையினுள் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1942ஆம் ஆண்டில், ஜப்பானியர் வீசிய குண்டு உண்டாக்கிய பள்ளம் அது. அவ்வாண்டு மார்ச்சு 23ஆம் நாள் தீவுகள் ஜப்பானியர் வசமாயின; 1945 அக்டோபர் வரை அவர் ஆட்சியே நடந்தது. முதன்முதல் ஆங்கிலேயர் குடியேற்றம் தோன்றியதும் இதே சாத்தத்தில்தான். 1789ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்டு பிளேர் இங்கே குடியிருப்பு அமைத்தார். அவர் பெயராலேயே பின்னர் நகரம் வழங்கிற்று. ஒரு தீவு, ஒரு காலை, ஒரு சிறு கட்டணம். மூன்று நூற்றாண்டுகளின் சுவடுகள்!

4. இரண்டாம் நாள்: ஹோப் டவுனும் மணிப்பூர் மலையும்

மறுநாள் விடியுமுன் எழுந்தோம். அந்தமானில் விடியற்காலை எழுவது பொழுதுபோக்கு அன்று, கணக்கு. நம் நாட்டின் கடிகாரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு அமைந்தது. அந்தமானோ 92½ பாகைக்கும் சற்றுக் கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே கடிகாரத்தைவிட ஞாயிறு 40 நிமிட அளவு முந்தி ஓடுகிறது. சென்னையோடு ஒப்பிட்டால் நெடுங்கோட்டால் மட்டும் 50 நிமிட வேறுபாடு. குளிர்காலத்தில் மாலை 5 மணியளவிலேயே பொழுது சாயும். சென்னைப் பழக்கத்தில் பத்து மணிக்குப் புறப்படுவோர் பாதிப் பகலை இழந்து, இருட்டில் வண்டி தேடி, இரட்டிப்பு வாடகை கொடுப்பர். சீக்கிரம் எழுவதே முதற் சிக்கனம்.

துறையிலிருந்து கடலோரமாகக் கிழக்கு நோக்கி நடந்தோம். போகும் வழியில் தந்தை ஒரு தாழ்நிலத்தைக் காட்டினார். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அலை மட்டும் வரவில்லை. நிலநடுக்கத்தால் தென் அந்தமான் நிலமே ஒரு மீட்டர் அளவு தாழ்ந்தது. அலை திரும்பிச் சென்ற பிறகும் தாழ்ந்த இடங்களில் கடல்நீர் ஏறி இறங்குவது நிற்கவில்லை. வயல்கள் உப்பாயின. அது நான் பிறப்பதற்கு முந்தைய நிகழ்ச்சி. அவ்வழியே நான் எத்தனையோ முறை மிதிவண்டியில் சென்றிருக்கிறேன், ஒருமுறையும் கேட்டதில்லை. நண்பர்கள் கேட்டதால் தந்தை சொன்னார், நானும் அறிந்தேன். விருந்தினர் வந்தால் நமக்கும் ஊர் புதிதாகிறது.

அடுத்து ஹோப் டவுன் என்னும் கரை. இந்திய வரலாற்றில் பதவியிலிருந்த அரசப் பிரதிநிதி ஒருவர் கொலையுண்ட இடம் இதுவே. 1872ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், மேயோ பிரபு மலைமேல் ஞாயிறு மறைவதைக் கண்டுவிட்டு, பந்த வெளிச்சத்தில் இறங்கிவந்து படகேறும் வேளையில், சேர் அலி அப்ரிதி என்ற கைதி அவரைக் கத்தியால் குத்தினான். சேர் அலி கைபர்ப் பகுதியைச் சேர்ந்தவன். குடும்பப் பகையில் நிகழ்ந்த கொலைக்காகத் தண்டனை பெற்று இங்கு வந்தவன். நாவிதத் தொழில் செய்ய அனுமதிக்கப் பெற்றிருந்தான். அவ்வாண்டு மார்ச்சு 11ஆம் நாள் வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டான். நேற்றுப் படகிலிருந்து நாங்கள் பார்த்த அதே வைப்பர் தீவு! பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை, மலைக்கும் கரைக்கும் தீவுக்கும் இடையே கண்ணால் அளந்து பார்த்தபோது எங்களுள் எவரும் சிறிது நேரம் பேசவில்லை.

அங்கிருந்து மலை ஏறினோம். நாம் படித்த ஏடுகளில் இது மவுண்ட் ஹாரியட். 1860களில் இங்கே கண்காணிப்பாளராயிருந்த இராபர்ட் டைட்லரின் மனைவி ஹாரியட் பெயரால் வழங்கியது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் இதற்கு மவுண்ட் மணிப்பூர் என்ற பெயர் சூட்டப்பட்டது. 1891ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கும் மணிப்பூருக்கும் நடந்த போரின் பின், மன்னர் குலசந்திரரும் அவருடைய வீரர் பலரும் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர் நினைவாக இப்பெயர். மலை 350 மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். தேசியப் பூங்காவாதலால் வனத்துறையின் நுழைவுக் கட்டணம் உண்டு. அன்றைக்கு நாங்கள் செலுத்திய பெருஞ்செலவு அதுவே. ஏற இயலாதவர்க்குத் துறையில் வாடகை வண்டிகள் கிடைக்கும். கூலியை ஏறுமுன் பேசிக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அட்டை உண்டு. கையில் சிறிது உப்பு இருக்கட்டும்.

மேலே நின்று வடக்கு விரிகுடாவையும் அதன் கலங்கரை விளக்கத்தையும் பார்த்தபோது, எங்கேயோ பார்த்த காட்சி என்று நண்பர் ஒருவர் வியந்தார். உடனே அந்த நண்பர், ஆம், உணவை விட்ட அதே நண்பர், தம் பணப்பையைத் திறந்து பழைய சிவப்பு நிற இருபது ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துப் பின்புறத்தைக் காட்டினார். தென்னைகளும் விரிகுடாவும் கலங்கரை விளக்கமும் அதிலே இருந்தன! பத்தொன்பதாம் ஆண்டில், அதாவது 2019இல், எல்லோரா ஓவியம் தாங்கிய புதிய தாள் வருமுன், இந்தியர் அனைவர் கையிலும் புழங்கிய காட்சி எங்கள் மலையின் காட்சி. “இருபது ரூபாயில் அந்தமான் பார்த்தவன் நான் ஒருவன்தான்” என்று அவர் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம். நான்கு நாட்களில் அவர் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

5. மூன்றாம் நாள்: கூடச் சிறை

மூன்றாம் நாள் மீண்டும் சாத்தம் சென்று, அங்கிருந்து பேருந்தில் நகரின் மேற்றிசையும் கீழ்த்திசையும் சுற்றாமல், ஒரே இடத்திற்குச் சென்றோம். அது செல்லுலார்ச் சிறை. கார் உலாவின்போது அதில் அரைமணி நேரம் நின்றோம். இம்முறை அரைநாள் இருந்தோம்.

1896 முதல் 1906 வரை கட்டப்பெற்ற அச்சிறையில் ஏழு சிறகுகள் நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல் விரிந்திருந்தன. இன்று எஞ்சியவை மூன்று. ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகை நோக்கும்படி கட்டினர். ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணலாகாது என்பது கருத்து. கார் வழிகாட்டி இதைச் சொல்லியிருந்தார். ஆனால் அறைக்குள் தனியே ஐந்து நிமிடம் அமர்ந்தபோதே அது பொருளாயிற்று. 1933ஆம் ஆண்டு உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் இங்கே உயிர் நீத்தனர். 1979ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதனை நாட்டின் நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார். இங்கே விரைந்து செல்வது காலத்தை மட்டுமன்று, கொடுத்த கட்டணத்தையும் வீணாக்குவதாகும்.

6. விலை குறைந்தாலும் காணத் தகாதது

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஜாரவா மக்களின் காட்டு வழியே செல்லும் சாலையில், அம்மக்களைப் பார்ப்பதையே நோக்கமாகக் கொண்டு சிலர் பயணம் போகின்றனர். 2012ஆம் ஆண்டு, உணவுக்காக அவர்களை ஆடச் செய்த படக்காட்சி வெளியாகி உலகமே வெட்கியது. பழங்குடி மக்களைக் காக்க 1956ஆம் ஆண்டிலேயே ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு; அவர்களைப் படம் பிடித்தல் தண்டனைக்குரியது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் மனிதரை வேடிக்கை பார்க்கும் பயணம் நமக்கு வேண்டா.

கடலோர அலையாத்திக் கழிகளில் முதலைகள் உண்டு என்பதையும் நினைவிற் கொள்க. குளிக்குமுன் எச்சரிக்கைப் பலகையையும் உள்ளூராரையும் கேளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை.

7. செலவு முறைகள் ஐந்து

மூன்று நாள் அனுபவத்தைச் சங்கத்தார் பயன்கொள்ளுமாறு ஐந்து முறைகளாகத் தொகுத்துத் தருகிறேன். எந்த ஊருக்குச் சென்றாலும் இவை பொருந்தும்.

முதலாவது: குழுவில் எவரிடம் பணம் குறைவோ அவரையே அளவாகக் கொள்க. இதை வெளிப்படையாகக் கேட்டால் எவரும் உண்மை சொல்லார். ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற உயர்ந்த தொகையைப் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடட்டும். அவற்றுள் மிகக் குறைந்த தொகை எதுவோ, அதற்குள் பயணத்தை அமைக்க வேண்டும். சராசரியை எடுத்தால், சராசரிக்குக் கீழே உள்ளவர்கள் ஊரில் வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவர்.

இரண்டாவது: ஊர் மக்கள் ஏறும் வண்டியில் ஏறுக. அரசினர் படகும் பேருந்தும் மக்கள் பணத்தால் ஓடுபவை. அவற்றில் ஏறுவது குறைவன்று.

மூன்றாவது: ஒரு நாளைக்குக் கட்டணமுள்ள இடம் ஒன்று போதும். எஞ்சிய பொழுதைத் துறையும் தெருவும் சந்தையும் கட்டணமின்றி நிரப்பும்.

நான்காவது: பொதுச் செலவை ஒருவர் ஏற்று எழுதிவைக்க வேண்டும். உணவுச் செலவைப் போக்குவரத்துக்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டும். காருக்காக வயிற்றைச் சுருக்கும் நிலை எவர்க்கும் வரலாகாது.

ஐந்தாவது: ஊர்ப் பெரியவர் ஒருவரைத் தேடுக. ஆலைத் தொழிலாளி, படகோட்டி, ஆசிரியர், மீனவர் என எவராயினும் ஆகுக. வினாக்களை முன்னரே எழுதிச் செல்க. அவர் நேரத்திற்கு நன்றி காட்டுக. வழிகாட்டலையே தொழிலாகக் கொண்டவரிடம் சென்றால் அவர் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுக்க. நம் சிக்கனம் பிறர் உழைப்பைச் சுரண்டுவதாக இருத்தல் கூடாது.

முடிவுரை

தோழர்களே! கார்ட் வண்டி ஓட்டுவது குற்றமென்று நான் சொல்லவில்லை. நாளை நம்முள் ஒருவர் டோக்கியோ சென்று அதை ஓட்டி வந்தால் முதலில் கதை கேட்க வருபவன் நானாகவே இருப்பேன். ஆனால் சங்கத்தின் பெயரால் செல்லும் பயணம் சங்கத்தார் அனைவரும் செல்லக்கூடிய பயணமாக இருத்தல் வேண்டும். ஒருவரை விட்டுவிட்டுச் செல்வோமாயின், போன இடம் எத்துணை அழகாயினும், அது சிலருடைய சுற்றுலாவே அன்றிச் சங்கத்தின் சுற்றுலா ஆகாது.

பாம்பூஃப்ளாட் படகில் ஏறும்போது லாரிக்காரரும் நடந்து வந்தவரும் ஒரே பலகை வழியாகத்தான் ஏறுகின்றனர். இறங்கும் கரையும் ஒன்றே. பதினெட்டு ஆண்டுகள் அப்படகில் சென்றுவந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

இவ்வாண்டும் சுற்றுலாப் பட்டியல் சுற்றி வரப்போகிறது. செயலாளருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பட்டியல் வருமுன் துண்டுச் சீட்டுப் பெட்டி வரட்டும்.